எதிர்க்கடை பூட்டும்வரை

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் சந்தைக்குப் போகும் தெருவில் எங்கள் பலசரக்குக் கடை இருக்கிறது. கடைக்குப் பின்னால் வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு. அம்மா முதலில் போனார், பிறகு அப்பா. தம்பிமார் இருவரும் கனடாவில். எனக்குக் கலியாணம் நடக்கவில்லை. அப்பாவை அடக்கம் செய்த எட்டாம் நாள் கடையை என்ன செய்வது என்று கதை வந்தபோது, "கடையை அக்கா பார்ப்பாதானே" என்று பெரிய தம்பி தொலைபேசியில் சொன்னான். நான் ஓம் என்று ஒப்புக்கொண்டேன்.

விடியற்காலையில் வெங்காயமும் மரக்கறியும் கொண்டு சந்தைக்கு வருகிறவர்கள் முதலில் தேத்தண்ணிக் கடைக்குப் போவார்கள், அடுத்தது என்னிடம் வருவார்கள். அதனால் இருட்டோடு இருட்டாகக் கடை திறக்க வேண்டும். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள், கந்தோர் வேலைக்குப் போகிறவர்கள், சமைக்கும் நேரத்தில் ஓடிவருகிற பெண்கள். மத்தியானம் தெரு காய்ந்து கிடக்கும். அப்போதும் பூட்ட முடியாது. ஏனென்றால் எதிர்க்கடை திறந்திருக்கும்.

எதிர்க்கடையும் பலசரக்குக் கடைதான். அதே அரிசி, அதே மா, அதே சவர்க்காரம். அதை நடத்துகிறவர் என்னைவிடச் சில வயது இளையவர். அவருடைய தகப்பனும் என் அப்பாவும் காலம் முழுக்க ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே வியாபாரம் செய்தவர்கள். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. பேச்சும் இல்லை. இரவு சாத்துகிற நேரம் வந்தால் நான் அவருடைய கதவைப் பார்ப்பேன், அவர் என்னுடைய கதவைப் பார்ப்பார். ஒருவர் கடைக் கதவுப் பலகையை எடுத்து வைக்கத் தொடங்கினால்தான் மற்றவர் எழும்புவார். யார் முதலில் எழும்புவது என்பதில் சில நாட்கள் வீணாக அரை மணித்தியாலம் போகும். எங்கள் இருவரையும் தாண்டித் தெரு திரும்பும் முடக்கில் இன்னொரு பெரிய கடை இருந்தது. அதை நடத்துகிற வயதான மனிதர் எங்கள் இருவருக்கும் பிறகுதான் பூட்டுவார்.

எங்கள் குடும்பம் பண்டத்தரிப்புப் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து வந்த கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிறு ஆராதனைக்குப் போகாத ஒரு வாரம் என் சின்ன வயதில் இருந்ததில்லை. கடை என் கைக்கு வந்த பிறகு கிறிஸ்மஸுக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் போவதே பெரும்பாடாகிவிட்டது. போனாலும் பின்வரிசை வாங்கில் இருந்து, ஆசீர்வாதம் சொல்லுமுன் எழும்பி வந்துவிடுவேன். கூடப் படித்தவளின் மகளுடைய கலியாணத்தில் சாப்பாட்டுக்கு நிற்காமல் ஓடிவந்தேன். அவள் கொஞ்சக் காலம் என்னோடு கதைக்கவில்லை.

கடையில் உதவிக்கு ஒரு பெண் நின்றாள். கெட்டிக்காரி. ஒரு நாள் கைவிரல்களைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"அக்கா, புதுசாத் திறந்த சூப்பர்மார்க்கெட்டிலை எனக்கு வேலை சரிவந்திட்டுது."

"சம்பளம் கூடவோ?"

"பெரிசாக் கூட இல்லை. ஆனா கிழமையிலை ஒரு நாள் லீவு தருவினமாம்."

அவள் போன பிறகு கல்லாவுக்குப் பின்னால் நான் தனியே இருந்தேன். அவளுடைய அந்த ஒரு நாளைத்தான் அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

தம்பிமார் ஞாயிறுதோறும் வீடியோவில் வருவார்கள். "கமராவைத் திருப்பிப் பிடியுங்கோ அக்கா, கடையைப் பாப்பம்" என்பார்கள். நான் அலுமாரிகளையும் அரிசி மூட்டைகளையும் தராசையும் காட்டுவேன். அவர்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டிச் சந்தோஷப்படுவார்கள். எனக்குச் சில நேரம் தொலைபேசியை அரிசி மூட்டைக்குள் புதைத்துவிட்டு எங்கேயாவது போய்விடலாம் போல இருக்கும். எங்கே போவது என்பதுதான் தெரியாது.

இப்படி இருந்த காலத்தில்தான் வர்த்தகர் சங்கத்துச் செயலாளர் என்னைத் தேடி வந்தார். அவர் இரும்புக்கடை வைத்திருப்பவர், அறுபது வயதுக்காரர், எல்லோருக்கும் அண்ணை. அப்பா சங்கத்தில் இருந்ததில்லை. அமைச்சருக்கு மாலை போடுவதும் ஹர்த்தாலுக்குக் கடை பூட்டச் சொல்வதும் தவிரச் சங்கத்துக்கு வேறு வேலை இல்லை என்பது அப்பாவின் எண்ணம். எனக்கும் அதுதான்.

"சேர்ந்து எனக்கென்ன பிரயோசனம், அண்ணை?" என்று கேட்டேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். தராசுக்கு முத்திரை குத்துகிறவர்களைச் சங்கம் ஒரே நாளில் இங்கே வரப்பண்ணும், தராசைத் தூக்கிக்கொண்டு அலையத் தேவையில்லை. மாரியில் வாய்க்கால் அடைத்தால் பிரதேச சபையோடு சங்கம் கதைக்கும். சாமான் தட்டுப்பாடு வந்தால் கொழும்பு மொத்தக் கடைக்காரரோடு சேர்த்துப் பேசி எடுத்துத் தரும்.

"தனியப் போனால் கந்தோர் வாசலிலை நிப்பாட்டி வைப்பினம், தங்கச்சி. சங்கமாப் போனால் கதிரை தருவினம்."

"கதிரை இஞ்சையும் கிடக்கு. எனக்கு அதிலையிருந்து எழும்பத்தான் ஏலாமல் கிடக்கு."

அவர் சிரிக்கவில்லை. "யோசிச்சுப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். அங்கேயும் அதிக நேரம் நிற்கவில்லை.

அந்த வருடம் வெயில் காலத்தில் எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி தொடங்கியது. பல் வைத்தியர் இருக்கிற நேரமெல்லாம் கடை நேரம். போத்தலிலிருந்து கராம்பை எடுத்துக் கடித்துக்கொண்டு சமாளித்தேன். வலி குறைவது போல இருக்கும், பிறகு காது வரைக்கும் ஏறும். கடைசியில் முகம் ஒரு பக்கம் வீங்கிவிட்டது. ஆட்கள் சாமான் கேட்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் தராசைப் பார்த்தார்கள். ஒரு காலை காய்ச்சல் அடித்தது. சீனி நிறுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே மேசையில் தலையை வைத்துவிட்டேன்.

நிமிர்ந்து பார்த்தபோது எதிர்க்கடைக்காரர் என் கடைக்குள் நின்றார். அவர் உள்ளே வந்ததை நான் அதுவரை கண்டதில்லை. அப்பாவின் செத்த வீட்டுக்குக்கூட அவர் கடைக்குள்ளால் வராமல் வீட்டு வாசலால்தான் வந்து போனவர்.

"அக்கா, முகம் இப்பிடி வீங்கிப்போய்க் கிடக்கு. டொக்டரிட்டைப் போங்கோ."

"கடையை ஆர் பாக்கிறது?"

"பூட்டிப்போட்டுப் போங்கோ."

என் கண் தானாக அவருடைய கடைப் பக்கம் போனது. அவருக்கு விளங்கிவிட்டது.

"நானும் பூட்டுறன்," என்றார். "நீங்கள் திரும்பி வருமட்டும் திறக்கமாட்டன். வெளிக்கிடுங்கோ."

சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து போய்ப் பலகைகளைப் போடத் தொடங்கினார். பட்டப்பகலில் அந்தக் கடை பூட்டியிருந்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவரே ஓட்டோ ஒன்றையும் மறித்து விட்டார். ஆனால் உண்மையைச் சொன்னால், போகும் வழியெல்லாம் எனக்குச் சந்தேகம்தான். நான் சந்தி தாண்டினதும் திறந்திருப்பார் என்று நினைத்தேன். வைத்தியர் பல்லைக் கழற்றும்போதும் அதுவே நினைப்பு.

வாய்க்குள் பஞ்சோடு திரும்பி வந்தேன். பலகைகள் போட்டபடியே இருந்தன. அவர் கடை வாசலில் ஒரு வாங்கில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி வந்தார்.

"சனமெல்லாம் முடக்குக் கடைக்குத்தான் போச்சுது," என்றார் சாதாரணமாக. "நாங்கள் இரண்டு பேரும் பூட்டினால் அந்த மனிசனுக்குத்தான் யாவாரம். மூண்டு பேரும் பூட்டினால் அடுத்த தெருக்காரனுக்கு. எல்லாரும் சேர்ந்து பூட்டினால் ஒழிய, அக்கா, எங்களுக்கு விடிவில்லை."

எனக்கு வாய் திறக்க முடியாது. தலையை ஆட்டினேன்.

"என்ரை பெடிச்சி போன கிழமை கேக்கிறாள், அப்பா ஏன் ஒரு நாளும் பகலிலை வீட்டிலை இல்லை எண்டு. நான் செயலாளரிட்டைப் போகப்போறன். நீங்களும் வாறியளோ?"

அந்தக் கிழமையே இருவரும் சங்கத்தில் சேர்ந்தோம். கிழமையில் ஒரு நாள் எல்லாக் கடைகளும் பூட்ட வேண்டும் என்று எதிர்க்கடைக்காரர் கேட்க, செயலாளர் அதற்கென்றே ஒரு கூட்டம் வைத்தார். ஒரு போயா விடுமுறை தினத்தில், பின்னேரம், புடவைக்கடை மேல்மாடியில். மண்டபம் நிறைய ஆண்கள். பெண் என்று நானும், தையல் சாமான் விற்கிற ஒருவரும்தான்.

எந்த நாள் என்பதிலேயே கூட்டம் இழுபட்டது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகலாம் என்றார் ஒருவர். வெள்ளிக்கிழமைதான் கற்பூரமும் எண்ணெயும் விற்கிற நாள் என்று மற்றவர் கத்தினார். ஞாயிறு என்று செயலாளர் சொன்னதும் முடக்குக் கடைக்காரர் எழும்பினார். எழுபது தாண்டிய மனிதர், குரல் மட்டும் மண்டபத்தை நிறைத்தது.

"ஞாயிற்றுக்கிழமைதான் சனம் வெளிக்கிடுறது. பூட்டுறவை பூட்டுங்கோ. நான் பூட்டமாட்டன்."

அவர் பூட்டாவிட்டால் யாருமே பூட்டப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். மண்டபம் சோர்ந்துபோனது. எதிர்க்கடைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எழும்பி நிற்பேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

"ஐயா," என்றேன், "நீங்கள் எங்கள் எல்லாருக்கும் மூத்தவர். இவ்வளவு காலமும் கடையிலை இருந்தது போதாதோ? ஒரு நாளெண்டாலும் வீட்டை போய் ஆறியிருக்க உங்களுக்கு ஆசையில்லையோ?"

அவர் என்னைக் கோபத்தோடுதான் பார்த்தார். பிறகு கதிரையில் இருந்துவிட்டார். குரல் தணிந்திருந்தது.

"வீட்டை போய் என்னத்தைப் பிள்ளை செய்யிறது? மனிசியும் செத்துப்போனாள். பிள்ளையள் லண்டனிலை. கடையிலை எண்டால் நாலு சனம் வந்து கதைக்கும். உங்களுக்குக் கடை அடைச்சு வைக்கிற மறியல். எனக்கு வீடுதான் மறியல்."

இத்தனை வருடங்களாக அவர் பண ஆசைக்குத்தான் கடையைத் திறந்து வைத்திருக்கிறார் என்று நாங்கள் எல்லோரும் திட்டியிருக்கிறோம். அவருக்குப் பயந்து எதிர்க்கடையும், எதிர்க்கடைக்குப் பயந்து நானும், எங்களுக்குப் பயந்து அடுத்த தெருவும் திறந்திருந்திருக்கிறோம்.

செயலாளர்தான் வழி கண்டார். முழு நாள் வேண்டாம், ஞாயிறு மத்தியானத்தோடு பூட்டுவோம். அந்த நேரத்தில் இந்த மேல்மாடியைச் சங்கம் திறந்து வைக்கும், பேப்பர் இருக்கும், விளையாடக் கரம் பலகை இருக்கும், தேத்தண்ணி இருக்கும். "ஐயாதான் கதவுத் திறப்பைக் கையிலை வைச்சிருக்க வேணும்" என்றார். கிழவர் உடனே ஓம் சொல்லவில்லை. தேத்தண்ணிக்குச் சீனி ஆர் குடுக்கிறது என்று கேட்டார். மண்டபம் சிரித்தது. அப்படித்தான் அது முடிவாயிற்று.

முதல் ஞாயிறு பூட்டிய பிறகும் நான் கடைக்குள்தான் இருந்தேன். கதவு இடுக்கால் எதிர்க்கடையைப் பார்த்தேன். அங்கேயும் இடுக்கில் ஒரு நிழல் தெரிந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விலகினோம் போல. தெரு வெறிச்சென்று கிடந்தது. சூப்பர்மார்க்கெட் பக்கம் மட்டும் வாகனச் சத்தம். அதைச் சங்கத்தால் கட்டுப்படுத்த முடியவில்லை, இன்றுவரைக்கும் முடியவில்லை. வீட்டுக்குள் வந்தேன். கட்டிலில் இருந்தேன். எழும்பி ஏற்கெனவே கூட்டியிருந்த முற்றத்தை மறுபடியும் கூட்டினேன். ஆராதனை காலையில் முடிந்துவிட்டிருந்தது. எங்களுக்கு ஞாயிறு கிடைத்தது, நான் ஆராதனைக்குப் போக நினைத்த காலை நேரம் கிடைக்கவில்லை.

சங்கத்தால் கிடைத்தவற்றை மறுக்க மாட்டேன். அடுத்த மாரியில் கடைக்குள் வெள்ளம் ஏறியபோது நாங்கள் எல்லோரும் ஒன்றாகப் பிரதேச சபைக்குப் போனோம். வாய்க்கால் வெட்டித் தந்தார்கள். பால்மாவுக்குத் தட்டுப்பாடு வந்து சனம் கடை வாசலில் என்னோடு சண்டைக்கு நின்ற நாட்களில், வந்த கொஞ்சத்தையும் செயலாளர் கடைகளுக்குப் பிரித்துத் தந்தார். நானும் எதிர்க்கடைக்காரரும் இல்லாத சாமானுக்கு ஆளை மாறி மாறி அனுப்புகிறோம். ஆனால் திங்கள் விடிந்தால் கதிரை என்னைப் பிடித்துக்கொள்கிறது. இரவு பலகை போடும்போது அவருடைய கதவைப் பார்க்கிற பழக்கமும் போகவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு, கலியாணத்துக்காகக் கோபித்துக்கொண்ட அந்தச் சிநேகிதியின் வீட்டுக்குப் போனேன். அவள் யாழ்ப்பாண நகரப் பக்கம் கொழும்புத்துறையில் கடலை ஒட்டி இருக்கிறாள். நண்டுக் கறியும் சோறும் தந்தாள். சாப்பிட்ட பிறகு விறாந்தையில் பாயைப் போட்டு, கொஞ்சம் சரிந்துகொள் என்றாள். வள்ளங்கள் கரையில் கிடந்தன. காற்றில் உப்பு மணம். எப்போது நித்திரையானேன் என்று தெரியாது.

திடுக்கிட்டு எழும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. எங்கே இருக்கிறேன் என்று ஒரு கணம் விளங்கவில்லை. பையை இழுத்துக் கடைத் திறப்பைத் துழாவினேன்.

"என்னடி தேடுறாய்?" என்று சிநேகிதி குசினியிலிருந்து கேட்டாள்.

"நேரம் போச்சு. கடை..."

"இண்டைக்கு ஞாயிறடி," என்றாள் அவள். "படு. தேத்தண்ணி வைக்கிறன்."

நான் திரும்பச் சரிந்தேன். நித்திரை வரவில்லை. ஆனாலும் தேத்தண்ணி வரும்வரைக்கும் எழும்பாமல் கிடந்தேன்.