மாப்பிள்ளை வாட்சைத் திறந்தபோது

போன ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்து வீட்டு குருசாமி ஒரு வெல்வெட் பெட்டியோடு வந்தார். பஜாரில் இரும்புக்கடை வைத்திருப்பவர். தெருவிலிருந்தே பேச ஆரம்பிக்கிற மனிதர், அன்றைக்கு உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"அண்ணாச்சி, மாப்பிள்ளை வீட்ல வாட்சைத் திருப்பி அனுப்பிட்டாவ."

பெட்டியில் இருந்தது நான் கோத்த வாட்ச்.

வாராவாரம் படிப்பவர்களுக்கு என் கிறுக்கு தெரியும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன்... ரிட்டயர் ஆனவர்கள் கோயில் கமிட்டியில் சேர்வார்கள். இல்லையென்றால் மருமகளைத் திருத்தப் பார்ப்பார்கள். நான் டூப்ளிகேட் வாட்ச் சேர்க்கிறேன். மதுரை பிளாட்பாரத்தில் வெளிநாட்டுப் பெயர் அச்சடித்த டயலும் கேஸும் கிடைக்கும். நம் நாட்டுப் பழைய வாட்ச் ஒன்றின் மிஷினை அதற்குள் உட்கார வைத்து, முள்ளை மாட்டி, ஓடவிட்டு, கையில் கட்டிக்கொண்டு ராஜபாளையம் பஜாரை ஒரு சுற்று வருவேன். அந்த ஒரு சுற்றுக்கு நான் பென்ஷன்காரன் இல்லை.

விற்பதில்லை. விற்றால் எந்தச் சட்டம் பிடிக்கும் என்று தெரியும். கட்டிக்கொண்டு திரிகிறவனைப் பார்த்துச் சட்டம் சிரிக்க மட்டுமே செய்யும் — கலால்-சுங்கத் துறையில் நான் பார்த்த சர்வீஸில் பாதி தீப்பெட்டி ஆபீஸ்களில் வரி பார்த்ததில் போனது. மீதி, கடத்தல் சரக்கைப் பறிமுதல் செய்த பிரிவில்.

மகள் தனத்தின் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளைக்குக் கட்ட ஒரு வாட்ச் வேண்டும் என்று குருசாமி கேட்டபோது, "உள்ள இருக்கது நம்ம ஊர் மிஷின்" என்று சொல்லித்தான் கொடுத்தேன். "ஓடுதுல்லா? அது போதும்" என்றார்.

நிச்சயதார்த்தச் சபையில் மாப்பிள்ளையின் சித்தப்பா அதை வாங்கி, தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பட்டாளத்தில் இருந்து வந்தவர். "ஒரிஜினல் ஃபாரின். மிலிட்டரியில நான் பாக்காத வாட்சா?" என்று மண்டபத்துக்கே அறிவித்தார். கவனியுங்கள், அங்கே யாரும் பொய் சொல்லவில்லை. டயலில் இருந்ததை அவர் வாசித்தார். குருசாமி பேசாமல் இருந்தார்.

வினை இப்போது வந்திருக்கிறது. மாப்பிள்ளை வேல்முருகன் வில்லிபுத்தூரில் போலீஸ் கான்ஸ்டபிள். வெளிநாட்டு வாட்ச் என்றால், அது கடத்தல் சரக்கு இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் அதை வைத்திருப்பவர்தான். தங்கத்துக்கு உள்ள அதே விதி. இது சித்தப்பாவுக்கு யார் மூலமாகவோ தெரிந்துவிட்டது.

"பில்லைக் கொடுங்கன்னு கேக்காரு அண்ணாச்சி. எவனாவது மொட்டைப் பெட்டிசன் போட்டா பயலுக்கு வேலை போயிரும்ங்காரு. கடத்தல் சாமான் பொழங்குற வீட்ல எப்படிப் பொண்ணு எடுக்கன்னு பேச்சு வளருது. நான் பில்லுக்கு எங்க போக?"

"போலின்னு சொல்லிருமே."

"சொன்னா, அப்ப நகையும் போலியான்னு கேப்பாவளே?"

நியாயமான பயம். அசல் என்றால் கடத்தல்காரன், போலி என்றால் ஏமாற்றுக்காரன். முப்பது வருடம் ஃபைல் பார்த்த மூளை உடனே வேலையைக் காட்டியது. ஒரு அஃபிடவிட் எழுதலாம் என்றேன். இல்லையென்றால் சுங்கத் துறைக்கே ஒரு விளக்கக் கடிதம்...

அப்பாவைத் தேடி வந்த தனம் கதவைத் திறந்துகொண்டு நின்றாள். எல்லாவற்றையும் வெளியிலிருந்தே கேட்டுவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"பெரியப்பா, நீங்க எழுதி முடிக்குமுன்ன எனக்கு அறுவது வயசு ஆயிரும்" என்றாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "யப்பா, வாட்சை அவிய முன்னாலயே தொறந்து காட்டுங்க. நகையைக் கேட்டா, உரசிப் பாக்கச் சொல்லுங்க. கல்யாணத்துக்குப் பொறவு ரிப்பேர் கடைக்காரன் சொல்லி அவருக்குத் தெரிஞ்சா, பதில் சொல்லப் போறது நீங்களா, நானா?"

குருசாமி என்னைப் பார்த்தார். நான் வாட்ச் திறக்கும் கத்தியையும் கண்ணில் மாட்டும் லென்ஸையும் பையில் போட்டுக்கொண்டேன்.

மம்சாபுரத்தில் மாப்பிள்ளை வீட்டில் வரவேற்பு சுமார்தான். "பில் கொண்டாந்தியளா?" என்றார் சித்தப்பா.

"அதுக்கு மேலயே கொண்டு வந்திருக்கோம்" என்று சொல்லி, வாட்சின் பின்மூடியைத் திறந்து, லென்ஸை அவர் கையில் கொடுத்தேன். மிஷினில் 'மேட் இன் இந்தியா' என்று பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். சித்தப்பா பார்த்தார். கண்ணை மாற்றிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் போய் நின்று பார்த்தார்.

"அப்ப டூப்ளிகேட்டு... அப்ப நகை?"

குருசாமியின் முகம் கறுத்தது. ஆனால் குரல் உடையவில்லை. "நாளைக்கே கொண்டாரேன். நீங்க சொல்லுத கடையில உரசிப் பாப்போம். அன்னைக்குச் சபையில நான் சொல்லியிருக்கணும். எல்லாரும் ஃபாரின்னு பெருமையாப் பாத்தாவ... வாய் வரல."

ஒரு பெண்ணின் கல்யாணம் அந்த அறையில் அந்தரத்தில் நின்றது. அதுவரை தூணில் சாய்ந்து நின்ற வேல்முருகன்தான் முதலில் சிரித்தார். கொஞ்சமாக இல்லை... தோள் குலுங்க.

"மாமா, நீங்க இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம். நிச்சயத்துலேருந்து இந்த வாட்சை மறைக்க ஸ்டேஷன்ல கையைப் பொறத்தாலயே கட்டிக்கிட்டு நின்னேன். பய ரொம்ப மரியாதைக்காரன்னு எங்க இன்ஸ்பெக்டர் எல்லார்ட்டயும் சொல்லிட்டுத் திரியுதாரு."

"ஏலே, நான் நகையைப் பத்திக் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார் சித்தப்பா.

"ஒரிஜினல்னு மண்டபத்துல சொன்னது நீங்கதான சித்தப்பா? உரசுறதுன்னா மொதல்ல உங்களைத்தான் உரசணும்."

உள்ளேயிருந்து ஒரு பெண் சிரிப்பு — மாப்பிள்ளையின் அம்மாவாக இருக்க வேண்டும். சித்தப்பா தொண்டையைச் செருமினார். "டயல்ல அப்படித்தான் போட்டிருந்துச்சு" என்றார். பிறகு, "காப்பி கொண்டாங்க" என்று உள்பக்கம் குரல் கொடுத்தார். நகை பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

பெயர் இல்லாத டயல் ஒன்று மாற்றித் தருகிறேன் என்றேன். மாப்பிள்ளை கேட்கவில்லை. "எவன் கேட்டாலும் தொறந்து காட்டுதேன்" என்று சொல்லிக் கட்டிக்கொண்டார். தை மாதத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது.

அசல் என்றால் கல்யாணம் ரத்து; போலி என்றால் முகூர்த்தம். என் சர்வீஸில் இப்படியொரு சர்க்குலர் வந்ததே இல்லை.