அந்த அம்மா இடித்த சுவர்

வண்டியூர்ப் பக்கம் வாய்க்கால் கரையில் ஒரு வீடு விலைக்கு வந்தது. புரோக்கரோடு பார்க்கப் போனேன். வண்டிச் சத்தம் கேட்டதுமே பக்கத்து வீட்டு அம்மா வெளியே வந்துவிட்டார். யார் வீடு பார்க்க வந்தாலும் இப்படித்தானாம். ஒல்லியான உடம்பு, நைட்டிக்கு மேல் துண்டு, கையில் பாதி உரித்த வெங்காயம்.

"தம்பி, வாங்காதீக. ஐப்பசியில தண்ணி இம்புட்டு வரும்" என்று இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.

புரோக்கரின் முகம் கடுகடுத்தது. "அக்கா, உங்க சோலியப் பாருங்க."

"இதான்யா என் சோலி. போலீசக் கூட்டிட்டு வந்தாலும் சொல்லுவேன்."

"வயித்தெரிச்சல் சார்" என்று புரோக்கர் என் காதில் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன், கொல்லைப்பக்கம் போய்ப் பார்க்கும்வரை. இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த சுவரில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. அதற்கு நேர் எதிரே அந்த அம்மாவின் மாடிப்படி.

"சுவர் எப்படிம்மா விழுந்துச்சு?"

"விழுகல. நாந்தேன் இடிச்சேன். இங்க இருந்தவுக பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு, தண்ணிக்குள்ள தெருவச் சுத்தி என் மாடிக்கு வந்தாக. வாங்காதீகன்னுதேன் சொல்றேன். மீறி வாங்கிட்டா, தண்ணி வர்ற அன்னைக்குக் கூச்சப்பட்டு நிக்காம இந்த வழியா மேல ஏறி வந்துருங்க."

நான் வாங்கவில்லை. ஆனையூரில், தண்ணீர் வராத மேட்டில் ஒரு வீடு வாங்கினேன். போன மாதம் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, நடுச்சுவரை இரண்டடி உயர்த்திவிடலாமா என்று கேட்டார்.

"ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது" என்றேன்.

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று அவருக்கு இன்னும் விளங்கவில்லை.