கதவுச் சீவல்

அறுபதுகளின் கடைசியில், சென்னையில் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்த புதிதில், வேதியியல் ஆய்வகத்தில் என் அலமாரியைக் கரையான் அரித்துவிட்டது. அதைப் பார்த்ததும் எங்கள் ஊர் காரைக்குடியில் நண்பன் வீட்டுத் தூண்கள் ஞாபகம் வந்தன. பர்மா தேக்கு; கரையான் அண்டியதே இல்லை. அந்த மரத்துக்குள் அப்படி என்னதான் இருக்கிறது? இதையே என் ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொள்கிறேன் என்று பேராசிரியரிடம் ஓடினேன்.

"லீவு முடியறதுக்குள்ள மரத்தோட வா. இல்லேன்னா நான் குடுக்கற தலைப்புதான்" என்றார்.

ஊருக்குப் போன கையோடு, தூணில் சின்னத் துளை ஒன்று போடலாமா என்று நண்பன் அப்பச்சி என்று அழைக்கும் அவன் அப்பாவிடம் கேட்டேன்.

"தூணு எனக்கு மட்டுமா சொந்தம்? பங்காளிக அத்தனை பேருக்கும் பொது. ஒருத்தரு பினாங்குல இருக்காரு, ஒருத்தரு கொழும்புல. எல்லாரும் சரிங்கறதுக்குள்ள நீ பேரன் எடுத்துருவேப்பா!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளேயிருந்து நண்பனின் அம்மா குரல் கொடுத்தார்.

"நம்ம அறைக் கதவு நமக்குத்தானே? அதுவும் அதே தேக்குதான். தரையில இடிக்குது, ஆசாரியக் கூப்பிடுங்கன்னு எம்புட்டு நாளாச் சொல்றேன், கேக்குறீகளா?"

மறுநாள் ஆசாரி கதவின் அடியைச் சீவினார். சுருள் சுருளாக விழுந்ததைப் பிஸ்கட் டப்பாவில் அள்ளிக்கொண்டேன்.

திரும்பும் ரயிலில் டப்பா என் மடியிலேயே இருந்தது. முதலில் சீவலை எரிசாராயத்தில் ஊறவைத்துச் சாறு எடுக்க வேண்டும். அதை ஒரு மாம்பலகையில் பூசி, பூசாத பலகை ஒன்றோடு சேர்த்து, எதைக் கரையான் தொடாமல் விடுகிறது என்று பார்க்க, விடுதிக்குப் பின்னாலிருந்த கரையான் புற்றில் செருகிவைக்க வேண்டும்.