மூணு புள்ளி எரியாத சிவப்பு

எனக்குப் பேய், காத்து, கருப்பு எதிலும் நம்பிக்கை இருந்ததே கிடையாது. பிழைப்பே கரண்டில்தான். ஒயரைத் தொட்டால் அடிக்கும், தொடாவிட்டால் அடிக்காது, அதற்கு மேல் இந்த உலகத்தில் மர்மம் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் நான். கள்ளக்குறிச்சியில் சிக்னல்களைப் பராமரிக்கிற ஒப்பந்தத்தில் வேலை செய்கிறேன். இதைக் கேட்டுவிட்டு வெயிலில் மண்டை காய்ந்துவிட்டது இவனுக்கு என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

முதலில் எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பழைய குண்டு பல்பு பட்டென்று போய்விடும், எல்லாருக்கும் தெரியும். எல்இடி அப்படிச் சாகாது. வட்டத் தட்டுக்குள் சின்னச் சின்னப் புள்ளிகளாக இருக்கும், ஒன்று போகும், இன்னொன்று போகும், மிச்சம் எரிந்துகொண்டே கொஞ்சம் கொஞ்சமாக மங்கும், தினமும் பார்க்கிறவனுக்கு மங்கியதே தெரியாது. யாராவது புகார் சொன்னால்தான் நாங்கள் ஏணியைத் தூக்குவோம், இதுதான் எங்கள் லட்சணம். புள்ளியை மட்டும் மாற்ற முடியாது. மொத்தத் தட்டையும் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டவேண்டும், பழையதை ஸ்டோரில் ஒப்படைக்கவேண்டும்.

ஊருக்குள் நாலு ரோடு சேருகிற இடத்தில், சின்னசேலம் ரோட்டிலிருந்து வருகிறவர்களுக்கான சிவப்பில் கீழே ஓரமாக மூன்று புள்ளி செத்துப்போயிருந்தது. மற்றதும் மங்கல். சாயங்கால வெயில் நேராக அதன் முகத்தில் அடிக்கும்போது எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை என்று டிராஃபிக் போலீஸ்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருநாள் சாயங்காலம் போனேன். சட்டப்படி என்ன செய்யவேண்டும் என்றால், கீழே இருக்கிற பெட்டியைத் திறந்து நாலு பக்கமும் மஞ்சள் விட்டுவிட்டு எரிகிற மாதிரி போட்டுவிட்டுத்தான் சிவப்பில் கைவைக்கவேண்டும். நான் போடவில்லை. மஞ்சள் போட்டால் அந்த நேரத்தில் நாலு ரோடும் அடைத்துக்கொள்ளும், போகிறவன் வருகிறவன் எல்லாம் என்னைத்தான் திட்டுவான். போலீஸ்காரரும், "நான் கையால நிறுத்திக்கிறேன், நீ சீக்கிரம் மாத்துப்பா" என்றார். சரி என்று ஏறிவிட்டேன். தப்பு என்னுடையதுதான், அதை யார் மேலும் போடமாட்டேன்.

பழைய தட்டைக் கழற்றி, ஒயரைப் பிரித்து, அதன் முகம் என் சட்டையில் படுகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன். புதுசை மாட்டப் பார்த்தால் அதன் திருகு இந்தக் கூட்டுக்குச் சேரவில்லை, வேறு கம்பெனி. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே கீழே பார்க்கிறேன், போலீஸ்காரரைக் காணோம். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏதோ சண்டை என்று ஓடியிருக்கிறார். என் முகத்துக்கு நேரே சிவப்பு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை.

அந்த நேரம் பார்த்து சங்கராபுரம் ரோட்டுக்குப் பச்சை விழுந்தது. ஷேர் ஆட்டோ ஒன்று நகர்ந்தது. நிற்க இடமில்லாமல் பொம்பளைகள், ஓரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பொண்டாட்டி செல்வி. ஜவுளிக்கடையில் வேலை முடிந்து தினமும் அதே நேரம் வருகிறவள்தான், எனக்குத்தான் அந்த நினைப்பே இல்லை. இந்தப் பக்கம் திரும்பினால் சின்னசேலம் ரோட்டிலிருந்து கரும்பு லாரி வருகிறது, முழு பாரம், குறைகிற வேகமில்லை. அவனை நிறுத்த அங்கே எதுவுமே இல்லை. நான் கத்தினேன், என்ன கத்தினேன் என்று சத்தியமாகத் தெரியாது. ஐயோ, என் கையாலேயே இவளைக் கொன்றுவிட்டேன் என்று மட்டும் தோன்றியது.

லாரி நின்றது. கோட்டுக்கு இந்தப் பக்கம், ஒழுங்காக, முகப்பு ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. ஆட்டோ அதற்கு முன்னால் கடந்து போனது, செல்வி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனாள்.

தட்டோடு இறங்கி லாரியிடம் ஓடினேன். டிரைவர் நடுத்தர வயசு, வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எதப் பாத்து நிறுத்துனீங்க?"

"இன்னா கேள்வி இது? சிகப்பு எரிஞ்சிக்கினு இருந்துதே."

"போலீஸ்காரர் கையக் காட்டுனாரா, இல்ல லைட்டயா சொல்றீங்க?"

"லைட்டத்தான்யா சொல்றேன். நீ ஏணி மேல நின்னுக்கினு இருந்த, உன் கைக்குப் பக்கத்துல எரிஞ்சுது. கீழ மூணு புள்ளி மட்டும் இல்ல, பல்லு போன மாரி. அத மாத்தத்தான ஏறி இருக்கற?"

பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார்கள், அவர் போய்விட்டார். நான் தட்டை நெஞ்சில் அழுத்திக்கொண்டு அங்கேயே நின்றேன். அதன் முகத்தை அவர் பார்க்கவே இல்லை, அது என் சட்டைப் பக்கம்தான் திரும்பியிருந்தது.

நீங்கள் இப்போது வெயில் என்று சொல்லப்போகிறீர்கள். எங்கள் என்ஜினியரும் அதைத்தான் சொன்னார். பழைய சிக்னலில் பல்புக்குப் பின்னால் கண்ணாடி இருக்கும், சாயங்கால வெயில் உள்ளே போய்த் திரும்பி வந்தால் எரியாத லைட் எரிகிற மாதிரி தெரியும், நிஜம்தான், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் சார், ஓட்டையில் எப்படித் தெரியும்? தெரிந்தாலும், வெயில் மூன்று புள்ளியை மட்டும் விட்டுவிட்டா அடிக்கும்?

புதுசை எப்படியோ மாட்டிவிட்டு, ஸ்டோர் மூடிவிட்டதால் பழைய தட்டோடு வீட்டுக்குப் போய்ச் செல்வியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். முதலில் தோளில் ஒன்று போட்டாள். அப்புறம் அழுதாள். அப்புறம் தட்டை என் கையிலிருந்து வாங்கித் துடைத்துக் குங்குமம் வைத்து சாமி மாடத்தில் வைத்துவிட்டாள்.

"அது அணைஞ்சுபோன லைட்டும்மா, ஸ்டோருல கொடுக்கணும்" என்றேன்.

"வெளக்க அணைஞ்சுதுன்னு சொல்லாத, வாய கழுவு. மலையேறிடுச்சுன்னு சொல்லு. இந்த வூட்ட வுட்டு அது எங்கயும் போவாது."

நம் பக்கத்தில் யாரும் விளக்கு அணைந்தது என்று சொல்லமாட்டார்களே, அந்தப் பேச்சு காதிலேயே இருந்திருக்கிறது போல. மறுநாள் ஆபீஸ் நோட்டில் பழைய தட்டு என்னவாயிற்று என்கிற கட்டத்தில் யோசிக்காமல் மலையேறிவிட்டது என்று எழுதிவிட்டேன். கம்ப்யூட்டரில் ஏற்றுகிற பெண் புதுசு, வடக்கே எங்கேயோ வளர்ந்தவள், தமிழ் படிப்பாள், ஆனால் இந்த மாதிரிப் பேச்செல்லாம் தெரியாது. ஏதோ தட்டை மலைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்து, இடம் கல்வராயன் மலை, நிலை பயன்பாட்டில் உள்ளது என்று ஏற்றிவிட்டாள். ஆபீசே விழுந்து விழுந்து சிரித்தது. திருத்தினால் தட்டைக் கேட்பார்கள், செல்வி தரமாட்டாள், நான் அப்படியே விட்டுவிட்டேன்.

மழை ஆரம்பித்த சமயம், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், கல்வராயன் மலை மேலே வெள்ளிமலைக்குப் போகிற பஸ்ஸின் டிரைவர் ஒருவர் என் தோளைத் தட்டினார். முகம் பழக்கம், அவ்வளவுதான்.

"மலையில எப்போ சிக்னல் வெச்சீங்க? சொல்லவே இல்ல."

மலையில் ஏது சிக்னல் என்றேன்.

"இன்னாங்க இப்டி சொல்றீங்க? நேத்து காலைல வளைவுல சிகப்பு எரிஞ்சிக்கினு இருந்துது. ஹைவேஸ்காரங்க தற்காலிகமா வெச்சிருப்பாங்கன்னு நிறுத்திட்டு எறங்கிப் போனா, வளைவுக்கு அந்தாண்ட பாறை சரிஞ்சு ரோட்ட அடைச்சிக்கினு கெடக்குது. பஸ் நெறைய ஜனம். வெச்ச புண்ணியவான் நல்லா இருக்கணும்." டீயைக் குடித்து முடித்துவிட்டு, போகிற போக்கில் சொன்னார்: "ஆனா கீழ ஒரு மூணு புள்ளி எரியலங்க. பாத்து மாத்திடுங்க."

வீட்டுக்கு ஓடினேன். தட்டு மாடத்தில் அப்படியே இருந்தது, குங்குமம்கூடக் கலையவில்லை.

அந்த பஸ் டிரைவர் அதோடு விடவில்லை, ஆபீசுக்குப் போன் போட்டுப் புகாரும் கொடுத்துவிட்டார். கம்ப்யூட்டரில் ஏற்றுகிற அந்தப் பெண் அதையும் பதிந்துவிட்டாள். இடம் கல்வராயன் மலை, குறை மூன்று புள்ளி எரியவில்லை. எடுத்த நடவடிக்கை என்கிற கட்டத்தை நான்தான் நிரப்பவேண்டும், இன்னும் நிரப்பவில்லை. என்ன எழுதுவது, சொல்லுங்கள்? தட்டை ஸ்டோரில் கொடுத்தால் உடைத்துப் பழைய சாமானில் போட்டுவிடுவார்கள். அப்புறம் அந்த வளைவில் பஸ்ஸை யார் நிறுத்துவது? மாதாமாதம் ஸ்டோரிலிருந்து அந்தத் தட்டு எங்கே என்று கேட்கிறார்கள். மலையில் எரிந்துகொண்டிருக்கிறது என்கிறேன். அதைச் சொல்லும்போது பொய் சொல்கிற மாதிரியே எனக்குத் தோன்றுவதில்லை. அதுதான் சார் பயமாக இருக்கிறது.