அம்மன் அனுப்பிய இரண்டு தம்ளர் தண்ணீர்

எண்பத்திரண்டாம் வருஷம், மிதுன மாச மழை, நம் ஊர்க் கணக்கில் ஆனி. வயிற்றுப்போக்கில் எழுந்து நிற்கவும் முடியாமல் கிடந்தேன். கொச்சி மட்டாஞ்சேரியில் ஒற்றை அறை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் பம்பாயில், மகள் பாலக்காட்டில். பக்கத்து வீட்டு ரேடியோ கேட்கும், என்னை ஏன் என்று கேட்க ஆள் இல்லை. பாட்டு என்னவோ நல்ல பாட்டுத்தான், அதை விடுங்கள்.

காலையில் வீடு வீடாக வரும் நர்ஸ் வந்து உப்புமருந்துப் பொட்டலம் கொடுத்தாள். "அம்மே, அஞ்சு கிளாஸ் வெள்ளத்துல முழுசும் கலக்கிக் குடிக்கணும் கேட்டோ" என்றாள். வெள்ளம் என்றால் அவர்கள் பேச்சில் தண்ணீர். எங்கள் வீட்டில் கஷாயம் என்றால் நாலு தம்ளரை ஒன்றாக வற்றவைப்போம். வற்றினால்தான் வீரியம். அந்த நினைப்பில் பொட்டலத்தை ஒரே தம்ளரில் கரைத்துப் பாதி குடித்தேன். குமட்டியது. தாகம் கூடியது. கண் இருட்டியது.

செத்தாலும் நாற்றம் வந்த பிறகுதான் தேடுவார்கள் என்று தோன்றியது. அழக் கண்ணீரும் இல்லை. "மாரியம்மா, பிழைக்க வைக்க வேண்டாம். ஒரு ஆளை அனுப்பு, தனியாகப் போக விடாதே" என்றேன்.

கதீஜா வந்தாள். கொச்சங்காடி கிடங்கில் சுக்குப் புடைக்கிறவள். முறம் இரவல் கேட்க வந்தவள், நான் கிடந்த கோலத்தைப் பார்த்துத் தம்ளரை எடுத்து நாக்கில் வைத்தாள்.

"அய்யோ, கடல் வெள்ளமல்லே இது! எத்தனை கிளாஸ் சொன்னா?"

"அஞ்சு. நான் ஒண்ணுல கலக்கிட்டேண்டி."

"என்ன, கருவாடு போடப் போறீங்களா?"

சிரிப்பு வந்தது, சத்தம் வரவில்லை. அவள் விரல் மடக்கிக் கணக்குப் போட்டாள். "பாதி மருந்து பாக்கி. அதுக்கு ரெண்டரை கிளாஸ் வேணும். அரை இருக்கு, இன்னும் ரெண்டு ஊத்தணும். வயித்துக்குள்ள போன பாதிக்கும் ரெண்டு கிளாஸ் வெறும் வெள்ளம் தரணும்."

தண்ணீரைக் காய்ச்சி ஆற்றி, முதலில் வெறும் தண்ணீர், பிறகு மருந்து, கரண்டி கரண்டியாகப் புகட்டினாள். வேலைக்கே போகவில்லை. காலையிலிருந்து வராத மூத்திரம் சாயங்காலம் போனது. அதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டவர் உலகத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்!

நான் ஆளைத்தான் கேட்டேன். அம்மன் உயிரையும் சேர்த்துக் கொடுத்தாள். அன்று முதல் என் அறையில் சாயா இரண்டு கிளாஸ்தான், எனக்கு ஒன்று, கதீஜாவுக்கு ஒன்று. தனியாகக் கிடக்கிறவர்களே, அம்மனிடம் மருந்து மட்டும் கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார ஒரு ஆளையும் கேளுங்கள். தருவாள்.