டாக்டர் தலையில் ஊற்றிய தண்ணீர்

அறுபதுகளின் தொடக்கம். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கு அப்பால் கன்னியர் மடத்தார் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன்.

எங்கள் டாக்டர் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர். அவர் குடும்பத்தில் மற்ற எல்லாரையும் யுத்த காலத்தில் கொன்றுவிட்டார்கள். மலைக்காரர்களிடம் கற்ற தமிழில்தான் பேசுவார். மடத்து மாதா கோயில் பக்கம் மட்டும் எட்டிப் பார்க்கமாட்டார். எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒருநாள் கட்டுத்துணி மடித்தபடியே கேட்டுவிட்டேன்.

"சேசுநாதரும் உங்க ஜனந்தானே டாக்டர், கும்பிட்டா இன்னாங்க?"

"நல்ல மனுஷன்னு சொல்லு, ஒத்துக்கறேன். கடவுள்னு சொல்லாத. எங்களுக்குக் கடவுள் ஒருத்தர்தான். அவருக்குப் புள்ள கெடையாது, மனுஷனாப் பொறக்கவும் மாட்டார். அவர் அனுப்பறேன்னு சொன்ன மேசியா இன்னும் வரவே இல்லம்மா."

"நாங்களும் ஒருத்தர்னுதாங்க சொல்றோம். பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூணும் ஒண்ணுதான்."

"உனக்கு ஒண்ணு. எனக்கு அது மூணு" என்று சிரித்தார். பிறகு முகம் மாறிச் சொன்னார்: "நான் சாகக் கெடந்தா என் தலையில தண்ணி ஊத்திடாத."

சாகக் கிடப்பவர்களுக்குத் தலையில் தண்ணீர் ஊற்றி நர்ஸே ஞானஸ்நானம் கொடுத்து வேதத்தில் சேர்க்கலாம் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது அவருக்குத் தெரியும். "சரிங்க" என்று வாக்குக் கொடுத்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் மலைக்காய்ச்சல் அவரையே பிடித்தது. ஐந்தாம் நாள் மத்தியானம் நாடி விட்டு விட்டு அடித்தது. எத்தனையோ பிரசவத்துக்குக் காடு மேடெல்லாம் ஓடிய மனுஷன், ஞானஸ்நானம் இல்லாததால் இவர் நரகத்துக்குப் போவதா? என் மனசு கேட்கவில்லை. நெற்றி துடைக்கிற சாக்கில் தலையில் தண்ணீரை ஊற்றி, அந்த மூன்று பெயரையும் வாய்க்குள் சொல்லிவிட்டேன்.

கண் திறந்தார். "தொடச்சியா, ஊத்தினியா?"

தலை குனிந்தேன்.

"எங்கப்பாவை யூதன்னுதான் கொன்னாங்க. அவராண்ட நான் இன்னான்னு போய் நிப்பேன்?"

என் கையைத் தள்ளிவிட்டு, தன் வலது கையால் கண்களைப் பொத்திக்கொண்டு ஜெபம் சொன்னார். கடவுள் ஒருவரே என்று அவர் தினமும் சொல்கிற ஜெபம் அது. பாதியில் கை நழுவி விழுந்தது. தூக்கி வைக்கத் துடித்தேன், தொட தைரியம் வரவில்லை. அதோடு போய்விட்டார்.

கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் செய்ததைச் சொல்லி அழுதேன். "அன்பினால்தானே செய்தாய்" என்றார் அவர். எனக்கு ஆறவில்லை. ஊரும் உறவும் போன மனுஷனுக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரே கடவுள்தான். என்னை நம்பிக் கண்மூடிக் கிடந்தபோது அதிலும் கை வைத்துவிட்டேன். இன்றும் அவருக்காக வேண்டிக்கொள்ள முழங்கால் போட்டால், யார் பெயரால் வேண்டுவது என்று தெரியாமல் வாயடைத்துப் போகிறேன்.