‘அப்படி ஒரு பேரே கிடையாது’

போன வருடம் ஐப்பசி மழை தொடங்கிய சமயம். ஆம்பூர் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். தோல் பதனிடுவதும் ஷூ தைப்பதும் ஒரே காம்பவுண்டுக்குள்தான். அங்கே நடந்த ஒரு விஷயத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

பதனிட்ட தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்பார்கள். தோல் என்ன, அளவெடுத்து நெய்த துணியா? கழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்கேல் வைத்து அளக்க முடியாது என்பதால் அதற்கென்று ஒரு மெஷின் உண்டு. தோலை விரித்து உள்ளே விட்டால், வரிசை வரிசையாக அளந்து கூட்டும், மறுபக்கம் வரும்போது மொத்த அளவு திரையில் வந்து நிற்கும். அந்த மெஷினில் தோல் விடுகிறவர் நாட்றம்பள்ளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற ஒரு அக்கா. தன் வேலை உண்டு, தான் உண்டு என்று இருப்பவர்.

திடீரென்று சில தோல்களுக்கு மட்டும் அளவு குறைவாக வர ஆரம்பித்தது. வாங்குகிறவர்களுக்குக் கொண்டாட்டம், கம்பெனிக்கு நஷ்டம். மேனேஜர் முதலில் சந்தேகப்பட்டது மெஷினை அல்ல, அக்காவைத்தான். வாங்குகிற பார்ட்டியோடு பேசி வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே ஓரத்தை மடித்து விடுகிறாராம். பேச்சு ஒரே நாளில் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது.

அக்கா என்னைத் தேடி வந்து தன் போனில் ஒரு போட்டோவைக் காட்டினார்.

“அளவு கம்மியா வர்றப்போ மட்டும் ஸ்க்ரீன்ல கீழ ஒரு இங்கிலீஷ் எழுத்து வருது மேடம். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள போய்டுது. கஷ்டப்பட்டுப் புடிச்சேன்.”

‘ரோ’, ‘லெஃப்ட்’, ‘டிராப்’ என்று மூன்று சொற்களை அடிக்கோட்டால் இணைத்த ஒரு பெயர் அதில் இருந்தது. மெஷினின் பெட்டிக்குள் இருப்பதும் ஒரு கம்ப்யூட்டர்தான், ஓடுவது லினக்ஸ். அதன் அடியில் இருந்து எல்லாவற்றையும் இயக்குவதைக் கெர்னல் என்பார்கள். அந்தக் கெர்னலில், மெஷினைச் செய்தவர்கள் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் நிரல் எழுதிச் சேர்த்திருந்தார்கள். போட்டோவில் இருந்தது அங்கிருந்து வரும் பெயர் என்று எனக்குப் பட்டது. இடப்பக்க வரிசை விட்டுப்போனது என்று மெஷினே வாய்விட்டுச் சொல்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்து, போட்டோவை மெஷின் கம்பெனிக்கு அனுப்பினேன்.

மறுநாள் அவர்களுடைய இன்ஜினியர் போனில் வந்தார். மேனேஜர் ஸ்பீக்கரில் போட்டார்.

“கெர்னல் முழுக்கத் தேடிட்டேன் சார். அப்படி ஒரு பேரே கிடையாது. இது எங்க மெஷின்ல வர்ற மெசேஜே இல்ல.”

அதோடு விட்டாரா? தப்பிப்பதற்காக யாராவது இப்படி ஒரு படத்தைத் தயார் செய்திருக்கலாம் என்று வேறு எடுத்துக் கொடுத்தார். மேனேஜர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். சம்பள ரசீதில் தமிழில் கையெழுத்துப் போடுகிற அக்கா, கெர்னல் மெசேஜைப் போலியாகச் செய்தாராம்! போனில் படம் பிடிக்கத் தெரிந்ததே அவர் செய்த குற்றமாகிவிட்டது. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் குறுக்கே பேசினேன். மேனேஜர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“ஏம்மா நீ சும்மா பேஜார் பண்ற? செஞ்சவனே இல்லன்றான்.”

அந்தக் கெர்னலின் மூலநிரலை, அதாவது அவர்கள் எழுதிவைத்த சோர்ஸ் கோடை, கேட்டால் தந்தாக வேண்டும் என்பது லினக்ஸின் உரிம விதி. கேட்டேன், தந்தார்கள். முழுப் பெயரையும் போட்டுத் தேடினேன். ஒன்றுமே வரவில்லை. இன்ஜினியர் பொய் சொல்லவில்லையே! ‘டிராப்’ என்று மட்டும் தேடினால் பக்கம் பக்கமாக வந்து கொட்டியது. ‘லெஃப்ட்’டுக்கும் அதே கதை. கெர்னல் என்பது பெரிய சமுத்திரம். கண் எரிந்ததுதான் மிச்சம்.

அப்போது கட்டிங் செக்‌ஷனில் பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டார்கள். போனேன். ஷூவுக்கான துண்டுகளைத் தோலிலிருந்து வெட்டும் இடம் அது. வெட்டுவதற்கு இரும்பில் ஓர் அச்சு இருக்கும், ‘டை’ என்போம். இடது காலுக்கு ஒன்று, வலது காலுக்கு ஒன்று என்று தனித்தனியாகச் செய்வதில்லை. ஒரே டைதான். நேராக வைத்து அழுத்தினால் இடது, கவிழ்த்து வைத்து அழுத்தினால் வலது. எங்கள் ஊர்ப்பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அலமாரி முழுக்கத் துழாவினாலும் ‘இடது’ என்று ஒரு டை அங்கே அகப்படாது. பிரிண்டர் மறந்தே போனது. நான் தேடுகிற பெயரும் இப்படி ஓர் அச்சிலிருந்து வருவதோ?

ஓடி வந்து, மெஷின் கம்பெனிக்காரர்கள் சேர்த்திருந்த கோப்புகளில் மட்டும் ‘ரோ’ என்று தேடினேன். இருந்தது. முன்னால் ‘ரோ’, பின்னால் ‘டிராப்’, நடுவே காலி இடம் என்று ஓர் அச்சு. அந்த இடத்தில் ஒரு தடவை ‘லெஃப்ட்’டையும் ஒரு தடவை ‘ரைட்’டையும் போட்டுக்கொள் என்று கீழே இரண்டே வரிகள். நிரலைக் கம்ப்யூட்டர் ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும்போதுதான், அதாவது கம்பைல் ஆகும்போதுதான், மூன்றும் ஒட்டி முழுப் பெயராகும். எழுதிவைத்த கோப்பு எதிலும் அந்தப் பெயர் முழுதாக இருக்காது. கெர்னலில் இது சர்வ சாதாரணம். தங்கள் கம்பெனி எழுதிய அச்சையே மறந்துவிட்டு, முழுப் பெயரை ஒருமுறை தட்டிப் பார்த்து, இல்லை என்று சொல்லிவிட்டார் அந்த இன்ஜினியர். ஒருத்தரின் பிழைப்பில் மண் விழுவதற்கு அவ்வளவு போதுமானதாக இருந்தது.

அதற்குக் கீழேயே காரணமும் இருந்தது. முந்தைய தோலின் அளவை மெஷின் சீட்டாக அச்சடித்துக்கொண்டிருக்கும்போது அடுத்த தோல் உள்ளே வந்துவிட்டால், இடப்பக்கம் சில வரிசைகளை விட்டுவிட்டு மிச்சத்தைக் கூட்டிக் காட்டுமாம். மேனேஜரைக் கூட்டிவந்து, ஒரே தோலை, சீட்டு அச்சடிக்காதபோது ஒரு முறையும் அச்சடிக்கும்போது ஒரு முறையும் விட்டுக் காட்டினேன். இரண்டாவது முறை அளவு குறைந்தது, திரையில் அந்தப் பெயரும் வந்து போனது. மேனேஜர் தாடையைச் சொறிந்தார். “சரி, நாளைக்கு வரச் சொல்லு” என்றார். முடிந்தது.

கண்டுபிடித்ததை மெஷின் கம்பெனிக்கு எழுதி அனுப்பினேன். நிரலின் மேம்படுத்தப்பட்ட பதிப்பு தயார் என்று வாழ்த்துகளோடு ஒரு மெயில் வந்தது. அக்காவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான்.

அக்கா வேலைக்கு வந்தார். ஆனால் பஸ்ஸில் அவர் பக்கத்துச் சீட் காலியாகவே இருந்தது. எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று மேனேஜரிடம் கேட்டேன். “வேலதான் திரும்பக் குடுத்தாச்சே, அப்புறம் இன்னா?” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று சாயங்காலம் நானே அந்த நாட்றம்பள்ளி பஸ்ஸில் ஏறினேன். தப்பு மெஷினுடையது, அக்கா மேல் ஒரு குற்றமும் இல்லை என்று உரக்கச் சொன்னேன். சிலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நாங்க அப்பவே சொன்னோம் என்றது பின்சீட்டிலிருந்து ஒரு குரல். யாரும் சொல்லவில்லை, அது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

இறங்கப்போன என் கையை அக்கா பிடித்தார்.

“நீங்க சொன்னீங்க, சந்தோஷம் மேடம். ஆனா என்னத் திருடின்னு சொன்னவங்க வாயால இது வந்திருக்கணும்.”

அது இன்றுவரை வரவில்லை. அதனால்தான் ‘தேடிப் பார்த்தோம், அப்படி எதுவும் இல்லை’ என்று யாராவது கம்பீரமாகச் சொன்னால், எதைத் தேடினீர்கள், எப்படித் தேடினீர்கள் என்று கேட்காமல் நான் இப்போதெல்லாம் விடுவதில்லை. அன்று அந்த ஸ்பீக்கர் போனைப் பார்த்து அந்த ஒரு கேள்வியைக் கேட்க யாருக்கும் தோன்றாமல் போனதால், ஒரு பெண் பஸ்ஸில் காலிச் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.